போக்ஸ் கம்பி எத்தனை மில்லிமீட்டர்?

சைக்கிள் ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் பகுதி) அகலத்தை 2 மி.மீ. தவறாக அளந்தால் போக்ஸ் கம்பியின் நீளம் மயிரிழைதான் மாறும். ரிம்மின் விட்டத்தை 6 மி.மீ. தவறாக அளந்தால் வாங்கிய 32 கம்பியும் வீண். ஆனால் சக்கரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால் கதை தலைகீழ்: அங்கே ஹப்பின் அகலம்தான் பேசும், ரிம்மின் விட்டத்துக்கு அவ்வளவு பங்கில்லை. நீளக் கணக்கையும் பலக் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் சக்கரம் கோப்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் ரிம். ரிம்மில் ஒட்டியிருக்கும் இஞ்ச் கணக்கை நம்பவே கூடாது. ‘26 இஞ்ச்’ என்ற ஒரே பெயரில் 559, 584, 590, 597 மி.மீ. எனப் பல வகை ரிம்கள் உண்டு. ‘28 இஞ்ச்’ என்பதும் அப்படித்தான்: பழைய ராட் பிரேக் சைக்கிளின் 28 × 1½ ரிம் 635 மி.மீ., இன்றைய 700சி ரிம் 622. இவையெல்லாம் டயரின் விளிம்பு உட்காரும் விட்டங்கள். டயர் வாங்க இது போதும், கம்பி வாங்கப் போதாது. கம்பி முடிவது நிப்பிளின், அதாவது கம்பியை ரிம்மில் பூட்டும் சின்ன நட்டின், தலையில். எதிரெதிராக உள்ள இரண்டு நிப்பிள்களின் தலைக் கீறலின் அடிப்பகுதி எங்கே வருகிறதோ, அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரமே நமக்கு வேண்டிய விட்டம். செயல் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே 622 ரிம்மில், தட்டையானதற்கு இது 600 மி.மீ. அளவில் இருக்கும், 50 மி.மீ. ஆழமுள்ள ரிம்முக்கு 540-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

செயல் விட்டத்தை அளக்க இரண்டு பழைய கம்பிகள் போதும். வளைந்த தலைப்பக்கத்தை வெட்டிவிட்டு, மரை உள்ள பக்கத்திலிருந்து அளந்து இரண்டையும் சரியாக 250 மி.மீ. ஆக்குங்கள். கம்பியின் நுனி கீறலின் அடிப்பகுதியைத் தொடும்வரை நிப்பிளை ஏற்றி, அசையாமல் பசை போட்டு விடுங்கள். 32 துளை ரிம் என்றால் 1-ஆம் துளையிலும் 17-ஆம் துளையிலும் செருகி, இரண்டையும் நடுவை நோக்கி இறுக்கமாக இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வெர்னியரால் அளக்க வேண்டும். இடைவெளி 100 என்றால் செயல் விட்டம் 600. இதையே 9-க்கும் 25-க்கும், 5-க்கும் 21-க்கும் செய்து சராசரி எடுங்கள். அளவுகளுக்குள் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிம்மே முட்டை வடிவில் இருக்கிறது. அதைக் கோட்டம் எடுத்து, அதாவது கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும், சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஹப்பில் மூன்று அளவுகள். கம்பி கோக்கும் வட்டத் தட்டுக்கு ஃபிளாஞ்ச் என்று பெயர். அதில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள விட்டம் ஒன்று. ஹப்பின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்க ஃபிளாஞ்ச் எவ்வளவு தள்ளி, வலப்பக்க ஃபிளாஞ்ச் எவ்வளவு தள்ளி என்பவை மற்ற இரண்டும். நடுக்கோடு என்பது இரு லாக்நட்டுகளின் (அச்சின் இரு முனையிலும் ஃபிரேமைத் தொட்டு நிற்கும் நட்டுகள்) வெளிமுகங்களுக்கு நடுப்புள்ளி. ஃபிளாஞ்சுகளுக்கு நடுப்புள்ளி அல்ல. முதல்முறை அளப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

130 மி.மீ. அகலப் பின்சக்கர ஹப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதி 65. வலது லாக்நட்டிலிருந்து வலது ஃபிளாஞ்ச் 47 மி.மீ. உள்ளே என்றால், நடுக்கோட்டிலிருந்து அது 18 மி.மீ. இடது லாக்நட்டிலிருந்து 29 என்றால் இடது ஃபிளாஞ்ச் 36 மி.மீ. துளைவட்ட விட்டம் 45. ரிம்மின் செயல் விட்டம் 600. 32 கம்பி, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகளில் மூன்றைக் கடந்து ரிம்முக்குப் போகிறது.

சக்கரத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஒரு முக்கோணம் தெரியும். மையத்திலிருந்து ரிம் வரை 300, மையத்திலிருந்து ஃபிளாஞ்ச் துளை வரை 22.5. ஒரு ஃபிளாஞ்சில் 16 துளை என்பதால் துளைக்குத் துளை 22.5 பாகை, மூன்று குறுக்குக்கு 67.5 பாகை. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் தெரிந்தால் மூன்றாம் பக்கத்தைக் கொசைன் விதி சொல்லிவிடும். 300-இன் வர்க்கம் 90,000, 22.5-இன் வர்க்கம் 506. இரண்டையும் கூட்டி, 2 × 300 × 22.5 × 0.3827, அதாவது 5,166-ஐக் கழித்தால் 85,340. கம்பி பக்கவாட்டிலும் சாய்வதால் பிதாகரஸ்படி ஃபிளாஞ்சின் தூரத்தை வர்க்கமாக்கிச் சேர்க்க வேண்டும். வலப்பக்கம் 324, இடப்பக்கம் 1,296. வர்க்கமூலம் எடுத்தால் வலம் 292.7, இடம் 294.3. கம்பி துளையின் மையத்தில் நிற்காமல் ரிம் பக்க ஓரத்தில் அழுந்தி நிற்பதால், 2.5 மி.மீ. துளைக்குப் பாதியான 1.25-ஐக் கழிக்க வேண்டும். ஆக வலம் 291.4, இடம் 293.1.

இதே கணக்கில் எந்த அளவு பிழையானால் என்ன ஆகும் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். செயல் விட்டத்தில் 2 மி.மீ. பிழை என்றால் கம்பியில் ஏறத்தாழ 1 மி.மீ. துளைவட்ட விட்டத்தில் 2 மி.மீ. பிழைக்குக் கம்பியில் 0.3 மி.மீ. ஃபிளாஞ்ச் தூரத்தில் 2 மி.மீ. பிழைக்கு இடப்பக்கம் கால் மி.மீ., வலப்பக்கம் அதிலும் பாதி. எனவே கவனத்தையெல்லாம் ரிம்மின் மேல் வையுங்கள். இணையக் கணிப்பான்கள் தசம சுத்தமாக விடை தரும்தான். உள்ளே கொடுத்த செயல் விட்டம் வேறு ரிம்முடையது என்றால் அந்தத் தசமத்தால் ஒரு பயனும் இல்லை.

கம்பியை அளப்பது வளைவின் உட்புறத்திலிருந்து மரையின் நுனி வரை. தலையைச் சேர்க்கக் கூடாது. கிடைக்கும் நீளத்துக்கு மாற்றும்போது கீழ்நோக்கியே மாற்றுங்கள்: 291-உம் 293-உம். இரட்டை எண்களில்தான் கிடைக்கும் என்றால் 290-உம் 292-உம். முறுக்கேறும்போது கம்பி அரை மி.மீ. வரை நீளும், ரிம்மும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் பித்தளை நிப்பிளுக்கு ஒன்றரை மி.மீ. குறைவு பிரச்சினை அல்ல. அதற்கும் குறைந்தால் மரை நிப்பிளின் தலைவரை எட்டாது. தலை மட்டும் தனியே பிய்ந்து ரிம்முக்குள் கிடக்கும். அலுமினிய நிப்பிளில் இது சீக்கிரமே நடக்கும். மறுபுறம், கம்பி நீளமாகிவிட்டால் மரை தீர்ந்து நிப்பிள் இறுகி நின்றுவிடும், கம்பி தொளதொளவென்றே இருக்கும். ஒற்றைச் சுவர் (ஒரே அடுக்குத் தகடு) ரிம்மில் நுனி மேலே துருத்திக்கொண்டு டியூபைக் குத்தும். 2 மி.மீ. கம்பியின் மரை இஞ்சுக்கு 56 சுற்று. நிப்பிளின் ஒரு முழுச்சுற்று 0.45 மி.மீ. மட்டுமே. 3 மி.மீ. தவறை நிப்பிள் சாவியால் சமாளிக்க முடியாததற்குக் காரணம் இந்த எண்தான்.

இனி பலம். மேலே கிடைத்த இரண்டு நீளங்களுக்கும் 2 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. இழுவிசையிலோ இரண்டு மடங்கு வித்தியாசம். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு பக்கமும் பக்கவாட்டில் சமமாக இழுக்க வேண்டும். வலப்பக்கக் கம்பி 18 மி.மீ. மட்டுமே சாய்ந்திருப்பதால் அது 120 கிலோ இழுத்தால், 36 மி.மீ. சாய்ந்த இடக்கம்பி 60 கிலோ இழுத்தாலே சமநிலை வந்துவிடும். அதற்குமேல் இடக்கம்பியை முறுக்கினால் ரிம் இடப்பக்கம் போகும். பல்சக்கரங்களுக்கு இடம்விட வலது ஃபிளாஞ்சை உள்ளே தள்ளியதன் விலை இது.

அச்சின் மேல் விழும் எடையை மேல்கம்பிகள் தூக்கிப் பிடிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் மேல்கம்பிகளில் இழுவிசை ஏறக்குறைய மாறுவதே இல்லை. தரைக்கு நேர்மேலே இருக்கும் சில கம்பிகளில்தான் அது குறைகிறது. சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகும். சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 4.7 லட்சம் முறைக்கு மேல். கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல, போக்ஸ் கம்பியும் களைத்துத்தான் ஒடிகிறது, பெரும்பாலும் வளைவில். 60 கிலோவில் நிற்கும் இடக்கம்பி ஒரு பெரிய பள்ளத்தில் முழுக்கத் தொய்ந்துபோகும். அப்போது வளைவு துளைக்குள் ஆடும், நிப்பிளும் தானாகக் கழலும். ‘கம்பியை ரொம்ப முறுக்கிவிட்டார்கள், அதனால்தான் ஒடிந்தது’ என்ற பேச்சு பல நேரம் நேர் எதிரான நோயறிதல்.

மருந்து இரண்டு. துளைகள் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் ரிம் ஒன்று. 3 மி.மீ. இடப்பக்கம் தள்ளினால் 18-உம் 36-உம் முறையே 21, 33 ஆகி, இடக்கம்பியின் இழுவிசை பாதியிலிருந்து 64 சதவீதமாக ஏறுகிறது. மற்றொன்று இடப்பக்கம் மெல்லிய கம்பி. முனைகளில் 1.8, நடுவில் 1.5 மி.மீ. உள்ள கம்பி 60 கிலோவில் சுமார் 0.45 மி.மீ. நீண்டு நிற்கும், முழுக்க 2 மி.மீ. உள்ள கம்பி 0.27தான் நீளும். அதிகம் நீண்டு நிற்பது தொய்வதற்கு முன் அதிகம் விட்டுக்கொடுக்கும். மெல்லிய கம்பி பலவீனம் என்று நினைத்துத் தடித்த கம்பி போடுபவர்கள் இடப்பக்கத்தைத்தான் கெடுக்கிறார்கள்.

குறுக்கின் எண்ணிக்கையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 36-க்கும் 32-க்கும் மூன்று, 24-க்கு இரண்டு, பழைய 40 கம்பிப் பின்சக்கரத்துக்கு நான்கு. குறுக்கே இல்லாமல் நேராகக் கோப்பது ரிம் பிரேக் உள்ள முன்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் ஹப் தயாரிப்பாளர் அனுமதித்தால். மிதியின் திருகுவிசையோ டிஸ்க் பிரேக்கின் விசையோ கடக்க வேண்டிய சக்கரத்தில் கம்பி சாய்ந்துதான் இருக்க வேண்டும்.

மெல்லிய இரும்புத் தகடால் ஆன பழைய ஹப்பில், தடித்த அலுமினிய ஃபிளாஞ்சுக்கென வளைத்த கம்பியைப் போட்டால் வளைவு துளையில் பொருந்தாமல் ஆடும். தலைக்கு அடியில் சின்னப் பித்தளை வாஷர் ஒன்று போடுங்கள். கோட்டம் எடுத்து முடித்ததும், இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்துப் பலமாக அழுத்துங்கள். வளைவுகள் ஃபிளாஞ்சில் அழுந்தி உட்காரும். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் ‘டிக் டிக்’ என்று தளர்ந்து விடும். பிறகு ரிம் மறுபடி அரை மி.மீ. ஆடினால் கவலை இல்லை, இன்னொருமுறை கோட்டம் எடுத்து மீண்டும் அழுத்துங்கள். அழுத்தியும் சத்தமோ ஆட்டமோ வராதபோது டியூபும் டயரும் ஏற்றலாம்.