புதுச்சேரி – பாரிஸ்: 8,100 கி.மீ. சரி, 9 மணி நேரம் ஏன் தப்பு?

புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு வான்வழித் தூரம் சுமார் 8,100 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்தால் 9 மணி நேரம். தூரக் கணக்கு சரி. ஆனால் அந்த 9 மணி நேரத்தை நம்பி யாரும் பயணத்தைத் திட்டமிட முடியாது.

இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதையும் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது பெருவட்டத் தூரம். உருண்டையின் மேல் அதைவிடக் குறுக்குவழி கிடையாது. 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் புதுச்சேரிக்கும் பாரிஸுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள், 19 செ.மீ. வரும். மும்பை பக்கம், பாகிஸ்தானின் தெற்கு, ஈரானின் கிழக்கு, காஸ்பியன் கடலின் தென்கோடி, கருங்கடல் என்று நூல் போகும். வடமேற்காகக் கிளம்பும் நூல், பாரிஸை நெருங்கும்போது ஏறக்குறைய நேர்மேற்காகத் திரும்பியிருக்கும். சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதன்படியே பறந்தால் 200 கி.மீ. கூடுதல்.

விமானி நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. கருங்கடலின் வடமேற்கு மூலையில் நூல் அதைத்தான் உரசுகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வழியை அடைத்தது. சுற்றிப் போவதில் பறக்கும் தூரம் 8,400 கி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். வழி முழுக்கச் சராசரி 60 கி.மீ. எதிர்காற்று என்றால் தரைவேகம் 840. போக 10 மணி நேரம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, 960. 8 மணி 45 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் இன்னொரு அரை மணி நேரம்.

புதுச்சேரி விமான நிலையமான லாஸ்பேட்டையின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானத்துக்குப் போதும். எரிபொருள் நிரம்பிய போயிங் 777 அங்கே எழும்பாது. ஆகவே சென்னைக்கு 3 மணி நேரச் சாலைப் பயணம், விமான நிலையத்தில் 3 மணி நேரக் காத்திருப்பு. கிளம்புவதற்கு முன்பே 6 மணி நேரம் போய்விடும்!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னையில் இரவு 1.30-க்கு ஏறினால், பத்தரை மணி நேரம் பறந்து, பாரிஸில் காலை 7.30-க்கு இறங்கலாம். பார்க்க 6 மணி நேரப் பயணம் போலத் தெரியும். குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருப்பதே காரணம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இது மூன்றரை. அழைத்துவர வண்டி சொல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: பாரிஸில் 14-ம் தேதி காலை 10.30-க்குக் கிளம்பி, 9 மணி 15 நிமிடம் பறக்கும் விமானம், குளிர்காலத்தில் சென்னைக்கு வருவது 15-ம் தேதி 0.15-க்கு. கோடையில் 14-ம் தேதி இரவு 11.15-க்கே வந்துவிடும்.