“டூகோ அடிச்சிடுங்க” என்று சொல்வதற்கு முன்னால்

போன வாரம் பட்டறைக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1960களில் சென்னையில் தயாரான வண்டி. தாத்தா வாங்கியதைப் பேரன் ஆசையாக வைத்திருக்கிறார். இடது மட்கார்டில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு கீறல், அதை வேறொரு இடத்தில் கொடுத்து டச்-அப் செய்திருக்கிறார். இப்போது கீறல் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி மடிந்து கிடக்கிறது, நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வருகிறது. இந்த வருஷம் இதே கோலத்தில் வந்த நான்காவது வண்டி இது. முன்னால் வந்தவை இரண்டு அம்பாசடர், ஒரு பத்மினி. நான்கு பேரும் சொன்னது ஒன்றேதான்: “கம்ப்யூட்டர்ல வச்சு கலர் மேட்ச் பண்ணித்தான் சார் அடிச்சாங்க.”

கலர் சரியாகத்தான் இருந்தது. அடியில் இருந்த பெயிண்டோடு மேலே அடித்த பெயிண்ட் சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். கலர் வேறு, பெயிண்ட் வேறு. ஒரே பச்சையை என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டிலும் கலக்கலாம், சிந்தெடிக் எனாமலிலும் கலக்கலாம், இறுக வைக்கிற ஹார்டனரைத் தனியாக ஊற்றிக் கலந்து அடிக்கிற டூ-கே பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்டிலும் கலக்கலாம். மிக்சிங் கடையில் இருக்கும் கருவி உங்கள் வண்டியின் மேல்தோல் இன்றைக்கு என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. அடியில் எத்தனை கோட்டிங், எது எந்த வகை என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பருத்தி வேட்டியில் கிழிசல், அதே வெள்ளையில் பாலியெஸ்டர் துணி வைத்துத் தைக்கிறீர்கள் என்று வையுங்கள். தைத்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், நாலு சலவைக்குப் பிறகு பாருங்கள்.

இதில் “டூகோ” என்ற பேர் வேறு குழப்புகிறது. 1920களில் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி கொண்டுவந்த என்.சி. பெயிண்டுக்கு வைத்த பேர் அது. இங்கே எதை ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடித்தாலும் டூகோதான். நீங்கள் டூகோ என்பீர்கள், பெயிண்டர் கையில் இருப்பதை அடிப்பார், இரண்டு பேருக்கும் என்ன வகை என்ற பேச்சே வராது.

ஹெரால்டில் நான் முதலில் செய்தது, பானெட்டின் உள்விளிம்பில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தகரம் தெரியும்வரை தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்ததுதான். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக வந்தது. நடுவில் தகரம், அதைச் சுற்றிப் பழைய பிரைமர், அப்புறம் மங்கிய ஒரு பச்சை, அதற்கு மேல் மேடுபள்ளத்தைச் சமன் செய்ய அடிக்கிற சாம்பல் நிற சர்ஃபேசர், கடைசியில் இப்போதைய பச்சை. பஞ்சில் என்.சி. தின்னர் தொட்டு ஒவ்வொரு வளையத்திலும் வைத்தேன். உள்பச்சை பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது, அது என்.சி. வெளிப்பச்சை அரை நிமிஷத்தில் பொங்கிச் சுருங்கியது, அது சிந்தெடிக். எப்போதோ ஒருவர் ஒரிஜினல் மேல் சிந்தெடிக் அடித்திருக்கிறார். இப்போது டச்-அப் செய்தவர் அதன் மேல் காட்டமான தின்னர் கலந்த பெயிண்டை அடித்திருக்கிறார். தேய்த்து மெலிந்த ஓரத்தில்தான் முதலில் தூக்கும், இதிலும் அங்கேதான் தூக்கியிருந்தது. தின்னர் வைத்தும் ஒன்றும் ஆகாவிட்டால் அது டூ-கே, அல்லது கம்பெனியில் சூடேற்றிக் காயவைத்த எனாமல். மொத்தச் சோதனைக்கும் பத்து நிமிஷம்தான் ஆகும். அதைச் செய்யாமல் கன்னைக் கையில் எடுக்கிறவரிடம் உங்கள் தாத்தா வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கலருக்கு வருவோம். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த கலர் கோட் நம்பரைப் பிடித்துக்கொண்டு அதேபடி கலக்கச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, ஐம்பது வருஷ வெயில் அந்தக் கலரை எங்கேயோ கொண்டுபோயிருக்கும், சிவப்பென்றால் இன்னும் மோசம். முதலில் பக்கத்து இடத்தைக் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு நன்றாகத் தேய்த்து, வெளுத்த மேல்தோலை எடுத்துவிட்டு, அப்புறம்தான் மேட்ச் பார்க்க வேண்டும். தகடு ஒன்றில் அடித்து, முழுக்கக் காயவிட்டு, வெயிலுக்குக் கொண்டுபோய் வண்டியின் மேல் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சை வெளியே வந்ததும் இரண்டாகப் பிரியும். ஹெரால்டில் இன்னொரு சிக்கல்: முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாகத் தூக்குகிற அமைப்பு. பெயிண்டை நிறுத்த நடுவில் ஒரு ஜாயிண்ட்கூடக் கிடையாது. அதனால் கீறல் ஒரு ஓரத்தில் இருந்தாலும் முன்பக்கம் முழுவதும் அடித்தாக வேண்டும், சின்னக் கீறலுக்கு இவ்வளவு பில்லா என்று கேட்காதீர்கள்.

டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் போட்ட வண்டி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதிலிருக்கும் சிலிகான் துளி இருந்தாலும் புதுப் பெயிண்ட் மீன் கண் மாதிரி குழி விழும். தேய்ப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும், தேய்த்த பிறகு துடைத்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். ஒரு கம்பெனி பெயிண்டுக்கு இன்னொரு கம்பெனி ஹார்டனர் வேண்டாம். ஐப்பசி மழையில் என்.சி. அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். மூன்று நான்கு கோட்டிங் ஏறி வெடிப்பு விட்டிருந்தால் மேலே எதை அடித்தாலும் நிற்காது, தகரம்வரை எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டு வாசலிலேயே தேய்க்கிறவர்களுக்கு ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். உலர வைத்துத் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டே தேயுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. டூ-கே அடிக்கிற தம்பிகளே, மூக்கில் கட்டுகிற கர்சீப் ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட்டைத் தடுக்காது. அது ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும், இந்தத் தொழிலையே விட வேண்டி வரும். வெளிக்காற்று குழாயில் வருகிற மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.