கணவாய் ஓடும் பத்து ரூபாயும்

குளச்சலில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு எட்டு வயது. பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் வயிறு வலிக்கும். ஆனால் கரையில் வள்ளம் ஏறி மீனைக் கொட்டியதும் அவனைப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாமே பளபளக்கும் மீன்தான். அவனோ, "மாமா, அது சாளை, இது அயிலை. முதுகுல கோடு ஓடுது பாருங்க" என்பான். கணவாயிலேயே ஓட்டுக்கணவாய் வேறு, ஊசிக்கணவாய் வேறு என்று எனக்குப் பாடம் எடுப்பான். "இந்த மூளை படிப்புல மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது?" என்பது அக்காளின் தினசரிப் புலம்பல்.

மூளை ஒன்றுதான். அதற்குக் கிடைக்கும் பிடிமானம்தான் வேறு. ஒரு விஷயத்தை யோசிக்கும்போது அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள மூளையில் இருக்கும் இடம் ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் நாலைந்து துண்டுகளுக்கு மேல் தாங்காது. பழக்கமில்லாத பாடத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு துண்டு. பழகிய விஷயத்தில் பத்துத் தகவல் சேர்ந்து ஒரே துண்டாகிவிடும். பல்லாங்குழி ஆடும் பாட்டி குழியில் கிடக்கும் மஞ்சாடி முத்துகளை ஒவ்வொன்றாகவா எண்ணுகிறார்?

1978-இல் மிஷலீன் சீ என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். செஸ்ஸில் தேறிய, சுமார் பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்கள் அளவுக்கு ஆடத் தெரியாத பெரியவர்கள் மறுபக்கம். பலகையைச் சில நொடி பார்த்துவிட்டுக் காய்களை அதே மாதிரி அடுக்க வேண்டும். பிள்ளைகள் ஜெயித்தார்கள். எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பெரியவர்கள் ஜெயித்தார்கள். வாசிப்பிலும் இப்படித்தான். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியும் பேஸ்பால் தெரிந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கால்பந்துக்குப் பேர்போன தூத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் கால்பந்துச் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள், வயிறு வலிக்காது.

ஆர்வம் இன்னொரு வேலையும் செய்கிறது. விடை தெரிய வேண்டும் என்று மனம் துடிக்கும்போது, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைப் பகுதியும் நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் கூடிக்கொள்கின்றன. 2014-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருந்த சில நொடிகளில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். ஆர்வம் மிகுந்த கேள்விகளின் நடுவே பார்த்த முகங்கள் நன்றாக நினைவில் நின்றன. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மீனைப் பற்றிப் பேசும்போது கூடவே ஒரு கணக்கும் ஒட்டிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். அவன் பழைய நோட்டு ஒன்றில் மீன்களை வரைந்து, அடியில் கோணல்மாணலாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எழுத்துப் பழகட்டுமே என்று, "ஒரு பேருக்குப் பத்து ரூவா தாரேன் மக்கா" என்றேன். நாலு நாள் நோட்டு நிரம்பி வழிந்தது. படங்கள் சுருங்கிப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. ஐந்தாம் நாள், "இன்னைக்கு ரூவா உண்டா மாமா?" என்றான். கையில் சில்லறை இல்லை. நோட்டு மூடப்பட்டது.

1973-இலேயே இதற்கு விளக்கம் இருந்திருக்கிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொன்னார்கள். பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்டவர்கள், ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாதபோது, மற்றவர்களின் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பிறகு பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. முன்கூட்டியே விலை பேசியதும் விளையாட்டு கூலி வேலையாகிவிடுகிறது.

அப்புறம் ஒரு மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரையில் ஒதுங்கிய வெள்ளைக் கணவாய் ஓடு ஒன்றை எடுத்துவந்தான். அதன் மாவு போன்ற பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியேறுகிறது. இதை அவனிடம் சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவனே ஓடிப்போய்ச் சிப்பி, முட்டை ஓடு, கூழாங்கல் என்று ஒவ்வொன்றிலும் சாறு விட்டுப் பார்த்தான். எலுமிச்சை தீர்ந்ததற்கு அக்காளிடம் திட்டு வாங்கியது நான்.

பேசாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2011-இல் எலிசபெத் போனவிட்ஸும் கூட்டாளிகளும் சின்னப் பிள்ளைகளிடம், பல வேலைகள் ஒளிந்திருந்த ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தபோது, பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். எதுவும் சொல்லித்தரப்படாத பிள்ளைகள் மற்றதையும் துழாவிக் கண்டுபிடித்தார்கள். அதற்காகச் சொல்லியே தரக்கூடாது என்றில்லை, பிள்ளை கேட்ட பிறகு சொல்லலாம்.

இதற்குக் கடல் வேண்டும் என்பதுமில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், மரத்தில் உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செய்யும் பிள்ளைகளிடம், "இது ஏன் துள்ளுது, களிமண் உருண்டை ஏன் துள்ளல?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பற்றிய பேச்சு மெதுவாக வரட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மருமகன் பக்கெட் தண்ணீரில் கணவாய் ஓட்டை மிதக்கவிட்டு, மேலே கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டுக்குள் வாயு நிறைந்த நுண்ணிய அறைகள் இருப்பதால்தான் அது மிதக்கிறது. உயிரோடு இருக்கும் கணவாய் அந்த அறைகளில் உள்ள நீரைக் கூட்டிக் குறைத்துத் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்ளும். அவன் இன்னும் கேட்கவில்லை. மூடிக் கிடந்த நோட்டு பக்கத்தில் திறந்திருந்தது. "பெரிய ஓடு 7 கல். உடஞ்ச ஓடு 3 கல்" என்று எழுதியிருந்தான்.

"மாமா, கல்லு எல்லாம் ஒரே வலுப்பம் இல்லியே, அப்போ கணக்கு தப்புதானே?" என்றான். சமையலறைத் தராசைக் கேட்டு அக்காளிடம் போயிருக்கிறோம்.