சைலன்சர் மாற்றப் போகிறீர்களா? கழற்றியதை இரும்புக்குப் போடாதீர்கள்

பரந்தன் பக்கத்துப் பொடியன் ஒருவன். வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பிய காசில் இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான், பழையதுதான். மாமன் அதோடு விடாமல் லண்டனிலிருந்து எவர்சில்வர் சைலன்சர் ஒன்றையும் பார்சலில் போட்டுவிட்டார். பூட்டிய நாலாம் நாள் ஏ-9 வீதியில் மறித்தார்கள். பொலிஸ்காரர் அதிகம் கதைக்கவில்லை. “கொம்பனிச் சைலன்சரைப் பூட்டிக்கொண்டு வந்து காட்டு” என்றார்.

எங்கே போய்ப் பூட்டுவது? கழற்றிய அன்று பின்னேரமே கராஜ்காரர் அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். அதோடு, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் போய்விட்டது. அதற்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் துண்டில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். வாங்குகிற ஆள் அதற்காகவே வருவான். பொடியனுக்கு அப்படி ஒன்று தன் காரில் இருந்ததே தெரியாது. மூன்று மாதம் கார் வளவுக்குள் தறப்பாளுக்குக் கீழே நின்றது.

சட்டம் சுருக்கமானதுதான். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வாகனத்துக்குச் சத்தத்தை ஒழுங்காக அடக்கும் சைலன்சர் இருக்க வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனை நடக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ என்ற அரசுத் திட்டத்தின் பேரில் பொலிஸார் பஸ், ஓட்டோச் சோடனைகளைக் கழற்றத் தொடங்கியபோதுதான் பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பது ஞாபகம் வந்தது. மிச்சமெல்லாம் அலைச்சல். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலாவது சிக்கல், சீ.ஆர் என்கிற பதிவுப் புத்தகம். “சீ.ஆரில சைலன்சர் எண்டு ஒரு வரியும் இல்லை அண்ணை, மாத்தினா என்ன?” என்று கேட்பார்கள். நிறம், என்ஜின் இலக்கம் மாதிரி அதில் எழுதாததால் பதிவை மாற்றும் வேலை இல்லை, அவ்வளவுதான். சத்தத்துக்கு எழுதும் வழக்கு சீ.ஆரைப் பார்த்து எழுதுவதில்லை.

இரண்டாவது, வெளிநாட்டு முத்திரை. ஐரோப்பாவில் அங்கீகரித்த அடையாளம் சைலன்சரில் குத்தியிருக்கலாம். பொருள் தரமானது என்று உங்கள் மனம் ஆறும். வீதியில் நிற்கும் சார்ஜன் குனிந்து அதை வாசிக்கப் போவதில்லை. அவர் காதால்தான் தீர்ப்புச் சொல்வார்.

மூன்றாவதுதான் ஆளைக் களைக்கப்பண்ணும்: எழுத்தில் அனுமதி கேட்டுப் போவது. அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு நானே அலைந்தேன். வாகனப் பதிவு பார்க்கும் அலுவலகத்தில், “நாங்கள் பதிவு மட்டும்தான் தம்பி, புகை பாக்கிற இடத்தில கேளுங்கோ” என்றார்கள். புகை பார்க்கும் இடத்தில், “சத்தம் அளக்கிறது எங்கட மெசினில இல்லை” என்றார்கள். பொலிஸில், “திணைக்களத்திட்ட கடிதம் வாங்கி வாங்கோ” என்றார்கள். திரும்ப முதல் இடத்துக்கே போனோம். பெரியவர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால் அதே கதிரையில் அதே கோட்டு தொங்குகிறது, ஆளில்லை. ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் எழுதித் தரவுமில்லை. பெற்றோலுக்குப் போன காசில் ஒரு மப்ளர் (சத்தத்தை அடக்கும் பெட்டி) வாங்கியிருக்கலாம்.

வாய்ப்பேச்சில் இழுபட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். மூன்று கேள்வி போதும்: சைலன்சர் மாற்ற எழுத்தனுமதி தேவையா, தருவது யார், கட்டணம் எவ்வளவு. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் அந்தக் கதவைத் தாண்டாதீர்கள். அது இல்லையென்றால் நீங்கள் போகவேயில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

எதை வாங்குவது

மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் தெரிவு சுருங்கிவிடும். கொன்வேட்டரில் கை வைக்காதீர்கள். அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்; முடிந்தால் கடைசி மப்ளரோடு நிறுத்துங்கள். நடுவில் இருந்து இரைச்சலைக் குறைக்கும் சின்ன றெசனேற்றரையும் வெட்டினால், என்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்றில் ஓடும்போது காருக்குள்ளே ஒரு “கூம்” பிடிக்கும். மாங்குளத்திலிருந்து வவுனியா போவதற்குள் தலையிடி வந்துவிடும். கடையில் நின்ற நிலையில் உறுக்கிக் காட்டும் சத்தத்தை நம்ப வேண்டாம். அதே செற் பூட்டிய காரில் ஏறி, நாலாம் கியரில் ஓடிக் கேளுங்கள்.

“பவர் கூடும்” என்பதற்காக வாங்கினால் ஏமாற்றம்தான். ரேர்போ (காற்றை அழுத்தி ஏற்றும் பாகம்) இல்லாத சின்ன என்ஜினில் பின் குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது கொஞ்சம். குழாய் அளவுக்கு மிஞ்சிப் பெருத்தால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். கழற்றிப் பூட்டக்கூடிய சத்தக் குறைப்பானோடு வரும் செற்றும் வேண்டாம். “பொலிஸ் நிண்டா பூட்டலாம்” என்றுதான் விற்பார்கள். கழற்றும் ஆணியைக் கண்டால் பொலிஸ்காரருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று உண்டு. குழாய் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று படுத்துப் பாருங்கள். ஏ-9 வழுவழுப்பாக இருக்கும், வீடு இருப்பதோ கிரவல் ஒழுங்கையில். மதகு ஏறி இறங்கும்போது முதலில் இடிபடுவது சைலன்சர். மார்கழி வெள்ளத்தில் மலிவு இரும்புக் குழாய் சீக்கிரம் கறள் பிடிக்கும். 304 தரத்து எவர்சில்வர் நின்று பிடிக்கும். ஆவணி வெயிலில் காய்ந்த புல்லுக்குள் காரை விடாதீர்கள். ஓடி வந்த கொன்வேட்டரின் சூடு புல்லைப் பற்ற வைக்கும்.

புகைப் பரிசோதனையில்

பெற்றோல் காரில் வால் குழாய்க்குள் கம்பி விட்டு, காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். பலர் தோற்பது வெல்டிங்கில். புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து என்ஜினுக்குச் சொல்லும் சென்சருக்கு முன்னால் ஊசித் துவாரம் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெற்றோல் காணாது என்று என்ஜின் நினைத்துக் கூட ஊற்றும், அளவு ஏறிவிடும். பூட்டியதும் மூட்டுகளைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு ரூபா சவர்க்காரம் செய்யும் வேலை அது.

கொன்வேட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். வரிசையில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்துவிட்டு நேரே உள்ளே போனால் நல்ல காரும் தோற்கும். உங்கள் முறை வருமுன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள்.

பரிசோதனை நாளுக்கு மட்டும் பழையதைப் பூட்டி, மறுநாள் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் சான்றிதழ் இருந்தாலும் வீதியில் மறித்துப் புகையை அளக்கலாம். சத்தத்துக்கு அந்தச் சான்றிதழ் ஒரு மறைப்பே இல்லை.

மறித்தால்

தண்டச் சீட்டில் அச்சடித்தது மூன்று மொழியிலும் இருக்கும், கையால் எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில். என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று கேட்டு, அங்கேயே தமிழில் உங்கள் கையால் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். எங்கள் பொடியன் வைத்தான். நீதிமன்றத்தில் வாசித்தபோதுதான் வேறொரு குற்றமும் சேர்ந்திருப்பது தெரிந்தது. தபாற்கந்தோரில் கட்டும் தண்டமென்றால் 14 நாட்களுக்குள் கட்டுங்கள். தாண்டினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம்.

கார் லீசிங்கில் இருந்தால் சீ.ஆரில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம். மாற்றம் செய்வது பற்றி உடன்படிக்கை என்ன சொல்கிறது என்று சைலன்சர் வாங்குமுன் வாசியுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்திருங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகுதான் அந்தக் குழாய் அவர்கள் கண்ணில் படும். இன்னும் ‘ஓப்பின் பேப்பரில்’, அதாவது காரை உங்கள் பெயருக்கு மாற்றாமல், ஓடுகிறீர்கள் என்றால் சைலன்சர் கதையை ஒத்திவையுங்கள். பெயர் மாற்றத்தை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்; ஓடுவது நீங்களாக இருந்தாலும், கடிதங்கள் ஏதோ ஓர் ஊரிலிருக்கும் பழைய சொந்தக்காரரின் வீட்டுக்குத்தான் போகும்.

கராஜில் பில் வாங்கும்போது, “கழற்றிய சைலன்சர் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பாஸ் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அதை உரப்பையில் சுற்றி நெல் மூட்டைக்கு மேலே பரணில் போட்டு வையுங்கள், ஆணியும் கஸ்கெற்றும் அதே பைக்குள்.