புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி சத்தம் அடங்கிவிடும். விடிகாலை நாலு மணிக்கு அலாரம், ஃபிளாஸ்கில் டீ, கையில் மஞ்சள் ஹைலைட்டர். "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், "பத்து மணி நேரம் எழுந்திருக்காம உட்கார்றான்" என்று மணிக்கணக்கில்தான் பதில் வரும். உட்கார்ந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். அந்த நேரத்தில் மூளை எவ்வளவு உழைத்தது? இதை உளவியலாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சோதித்துவருகிறார்கள். முடிவுகள் ஹைலைட்டருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, 1885-இல் மறதியைப் பற்றிய கணக்கை வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளை உருப்போடுவார். கொஞ்ச நேரமோ சில நாட்களோ விட்டு, அதே பட்டியலை மறுபடி உருப்போடுவார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்ப்பார். ஒரு நாள் கழிந்தால் மிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழிந்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, அப்புறம் நிதானமாகக் கொறிக்கிறது. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட இதே வளைகோடுதான் கிடைத்தது.

அப்படியானால் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியதுதானே? இதைத்தான் 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு அறிவியல் பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்றும் வாசித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக ஒவ்வொருவரும் 14 முறை படித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, அதாவது மூன்று நான்கு முறை. மற்ற மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்த குழுவுக்கு வெற்றி: 83 சதவீதம், எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்தால் கதை தலைகீழ். வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது மதிப்பெண்ணைவிட இன்னொன்று. "ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். ஐந்தாவது முறை படிக்கும்போது வரிகள் தடையில்லாமல் ஓடுகின்றன. அந்தச் சரளத்தைப் பார்த்து, பாடம் தெரிந்துவிட்டது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. தேர்வு முடிந்து வந்து "எல்லாம் படிச்சதுதான், எழுதும்போது வரல" என்று புலம்பும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தை விரித்துவைத்து எத்தனை முறை பார்த்தாலும் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரையச் சொல்லுங்கள். நான்கு அறைகள் வந்துவிடும். வலப்பக்கம் மூவிதழ் வால்வா, ஈரிதழ் வால்வா என்கிற இடத்தில் பென்சில் நிற்கும். நெற்றி சுருங்கும், எழுதி அழிப்பான், கடைசியில் தப்பாகவே எழுதினாலும் எழுதுவான். பிறகு புத்தகத்தைத் திறந்து, வலது பக்கம் மூவிதழ் என்று பார்க்கும்போது அது பதிகிற விதமே வேறு. நிச்சயம் சரிதான் என்று நம்பி எழுதிய தவறு, அரைமனதாக எழுதிய தவறைவிட நன்றாகத் திருந்துகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறகு விடையைச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஒரு நினைவைத் தேடி எடுக்கும்போது அதோடு சேர்ந்த மற்ற விஷயங்களும் மூளையில் தூண்டப்பட்டு, அந்த நினைவுக்கு வந்துசேரும் வழிகள் பெருகுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. தேர்வறையில் தேவைப்படுவதும் இந்தத் தேடல்தான்.

நம்மூருக்கு இது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பித்ததும், இன்றைக்கும் ஹாஸ்டல் வராந்தாவில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொள்வதும் இதே வேலைதான். புரியாமல் கடம் அடித்ததால் ஒப்பித்தலுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது, பாவம்.

அடுத்தது இடைவெளி. 2008-இல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து செபேடா என்ற உளவியலாளரின் குழுவினர் செய்த சோதனையில், திருப்பியதிலிருந்து ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முதலில் படித்து ஒரு நாள் கழித்துத் திருப்புவதும், 35 நாளில் என்றால் பதினோரு நாள் கழித்துத் திருப்புவதும் நல்ல பலன் தந்தன. நம் பள்ளிகளில் அரையாண்டுக்குப் பிறகு வரிசையாக வரும் திருப்புதல் தேர்வுகள் இந்த வேலையைச் செய்யக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் முந்தின இரவு மட்டும் படித்தால் அந்தப் பலன் போய்விடும். விடிய விடியக் கண்விழித்துப் படித்தது மறுநாள் காலைத் தேர்வுக்கு ஓரளவு உதவலாம். ஆனால் பகலில் கற்றதை மூளை கெட்டிப்படுத்துவது பெரும்பாலும் தூக்கத்தில்தான், அதைத்தான் அன்று வெட்டிவிடுகிறோம்.

கணக்குக்கு வேறொரு சிக்கல் உண்டு. உருளையின் கன அளவு பத்துக் கணக்கு, கூம்புக்குப் பத்து, கோளத்துக்குப் பத்து என்று வரிசையாகப் போட்டால் மளமளவென்று போகும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். ரோரர், டெய்லர் என்ற உளவியலாளர்கள் 2007-இல் திடப்பொருள்களின் கன அளவுக் கணக்குகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரிக் குழு 20-க்கு விழுந்தது. கலந்து போட்ட குழு 63-இல் நின்றது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் வரும் அலகுப் பயிற்சி இப்படிக் கலந்ததுதான். நேரம் போதாவிட்டால் நம் பிள்ளைகள் முதலில் தாண்டிவிடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.