குதிக்கால் நோவும் ‘பிளான்ரர் பசியைற்றிஸ்’ என்னும் பெயரும்

“விடியக் காலமை எழும்பினால் குதிக்காலை நிலத்தில ஊன்றேலாமல் கிடக்கு” என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், நோயின் விளக்கம் பாதி அதிலேயே வந்துவிடுகிறது. படுக்கையை விட்டு வைக்கும் முதற் சில அடிகளில் குதியின் அடியிற் குத்தி, நடக்க நடக்கத் தணிந்து, நெடுநேரம் நின்றபின் மீண்டும் எழும் இந்த நோவே மருத்துவர் எழுதித் தரும் துண்டில் ‘பிளான்ரர் பசியைற்றிஸ்’ ஆகிறது.

இலத்தீனில் ‘பிளான்ரா’ என்பது உள்ளங்கால், ‘பாசியா’ என்பது கட்டு அல்லது பட்டை; ‘ஐற்றிஸ்’ அழற்சியைக் குறிக்கும் கிரேக்க ஈறு. குதி எலும்பிலிருந்து விரல்களை நோக்கி விரிந்து, பாதத்தின் வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டையே இங்கு சுட்டப்படுவது. தமிழ்நாட்டார் ‘திசு’ என்பதை ‘இழையம்’ என்று பாடசாலையிற் படித்த நாம், இதனை ‘உள்ளங்கால் இழையப்பட்டை அழற்சி’ எனலாம். மொழிபெயர்ப்பிற் பிழையில்லை; மூலப் பெயரில்தான் சிக்கல். அழல் என்றால் தீ. அழற்சி என்றதும் வெப்பமும் சிவப்பும் வீக்கமும் நினைவுக்கு வரும். ஆனால் நாட்பட்ட நோயாளரின் பட்டையை நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போது, அழற்சிக் கலங்களைவிட நார்கள் சிதைந்து நலிந்திருப்பதே பெரிதும் தெரிகிறது. அதனாற்றான் மருத்துவர் சிலர் ஈற்றை மாற்றி, அழற்சியை அன்றி நலிவைச் சுட்டும் ‘ஓசிஸ்’ சேர்த்துப் ‘பசியோசிஸ்’ என்கின்றனர்.

‘குதிவாதம்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆயினும் வாதம் என்பது முழங்கால் முதல் முகம் வரை எதற்கும் பொருந்திவிடுகிறது. எழுத்தில் ‘உள்ளங்கால் பட்டை நலிவு’ என்பதே தகும் என்பது என் எண்ணம். ‘குதிக்கால் நோ’ பேச்சுக்கு இனிது, ஆனால் அது அறிகுறியின் பெயர். எலும்பு வெடிப்பாலும் நரம்பு அழுத்தத்தாலும் குதி நோகலாம்.

இந்நோய்க்குச் செய்வதைக் குறிக்கும் ‘சத்திரசிகிச்சையற்ற பரிகாரம்’ என்ற தொடரும் எனக்கு உவப்பானதன்று. பெரும்பாலானோருக்குக் கத்தியின்றியே ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோ தீர்ந்துவிடும் நோய்க்கு, இல்லாத ஒன்றைக் கொண்டு பெயரிடுவானேன்? நலிவு என்று விளங்கிக்கொண்டால், பட்டையை நீட்டிப் பழக்குவதன் நியாயமும் விளங்கும். எழுந்து முதலடி வைக்குமுன் கட்டிலில் இருந்தபடியே, நோகும் காலை மற்றைய தொடையின் மேல் வைத்து, விரல்களைக் கணைக்காலை நோக்கிப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. கெண்டைக்காற் தசையையும் சுவரைப் பிடித்து நின்று நீட்டலாம். ஸ்ரீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவைக் குறைக்கும், ஆனால் அரிதாகப் பட்டை அறுந்துபோகவும் இடமுண்டு. வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுதும் வெறும் சீமெந்து நிலத்தில் நடப்பவர்கள், வீட்டுக்குள் அணியவென்று குதி மெத்தென்ற வேறொரு சோடி வைத்திருப்பது நல்லது.