போட்டோவில் இருப்பவர் யார்? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

இந்த வாரமும் அதேதான். 'இதில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?' என்று ஒரு பழைய குடும்பப் போட்டோ வந்தது. வந்தது போட்டோ அல்ல, ஆப்பில் போட்டுப் பளிச்சென்று ஆக்கிய படம். மூலம் எங்கே என்று கேட்டால், ஓரத்து அட்டை பழுப்பேறிப் போயிருந்ததாம், வெட்டி எறிந்துவிட்டு ஃபிரேம் போட்டாகிவிட்டதாம். ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் இருப்பதே அந்த அட்டையில்தான்.

ஆப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழுப் படத்தில் ஒரு முகம் 2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது சுமார் 47 பிக்சல். இமை முடி, உதட்டுக் கோடு, கண்ணின் ஒளிப்புள்ளி எதுவும் அதற்குள் இல்லை. ஆனால் ஆப் தரும் படத்தில் எல்லாம் இருக்கும். எங்கிருந்து வந்தன? அது பழகிய வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து. மங்கலாக இருந்ததை அது தெளிவாக்கவில்லை, அந்த இடத்தில் புதிதாக ஒரு முகத்தை வரைந்திருக்கிறது. கன்னத்து மச்சத்தைத் தூசி என்று துடைத்துவிடும். புருவத் தழும்பை இழுத்து மூடிவிடும். ஒன்றரைக் கண்ணை நேராக்கிவிடும். காதின் மடிப்பை மாற்றிவிடும். ஆளை அடையாளம் காட்டுபவை எவையோ, அவைதான் முதலில் போகும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு 'தாத்தா சாயல் அப்படியே இருக்கிறது' என்று சொல்வதில் பொருளே இல்லை. தயவுசெய்து அதைச் சான்றாக எடுக்காதீர்கள்.

நிறமூட்டிய படத்துக்கும் இதே பதில். 1920-களுக்கு முந்தைய பிலிமும் தகடுகளும் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. சிவப்புத் துணி கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். கறுப்பு உடை என்று நீங்கள் நினைப்பது நல்ல சிவப்பாக இருந்திருக்கலாம். தோல் நிறமும் உண்மையைவிடக் கறுத்தே தெரியும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் அளவும் தாளும். அட்டையில் ஒட்டிய சிறு படம், சுமார் இரண்டரைக்கு நான்கு அங்குலம் என்றால், அது 1854-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற 'கார்த் தெ விசீத்' வகை. நாலேகாலுக்கு ஆறரை என்றால் 1860-களில் வந்த கேபினெட் அட்டை. காந்தம் ஒட்டினால் இரும்புத் தகட்டுப் படம். 1856-க்கு முன்னால் போகாது. அஞ்சலட்டைத் தாளில் அச்சான படம் என்றால், பின்பக்கம் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'அஸோ' (AZO) என்ற தாள் வகையின் பெயரோடு நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் அதற்குப் பிந்தியது. வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாள் 1960-களின் இறுதியில்தான் வருகிறது.

இங்கே ஒரு பொறி. இவையெல்லாம் அச்சின் வயது, படம் எடுத்த நாள் அல்ல. பழைய படத்தையே படம்பிடித்துப் பிரதி போட்டிருப்பார்கள். ஓரத்தில் இன்னொரு அட்டையின் விளிம்போ குண்டூசி நிழலோ தெரிந்தால் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணப் படங்களின் வெள்ளை ஓரத்தில் அச்சாகும் மாதமும் ஆண்டும்கூடக் கழுவிய நாள்தான். ரோல் கேமராவுக்குள்ளேயே பல மாதம் கிடந்திருக்கலாம்.

இடம் பற்றி: ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் தெரியும் தூண்களும் ஏரியும் திரைச்சீலை ஓவியம். அதைத் தேடி அலையாதீர்கள். அதே திரையும் அதே நாற்காலியும் பெயர் அச்சான இன்னொரு படத்தில் கிடைத்தால் ஸ்டூடியோ தெரிந்துவிடும். ஸ்டூடியோ இருந்த ஊரே குடும்பத்தின் ஊர் என்றும் முடிவு கட்டாதீர்கள், பயணத்தில் எடுத்திருக்கலாம். வெளிப்புறப் படம் என்றால் பெயர்ப்பலகை, வண்டி எண், தொலைபேசி எண்ணின் இலக்கங்கள், மலையின் மேல்விளிம்பு. படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தாலோ, ஆண்கள் சட்டையின் பொத்தான் பட்டி வலம் இடமாகத் தெரிந்தாலோ நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இரும்புத் தகட்டுப் படங்கள் இயல்பாகவே கண்ணாடி பிம்பம்; மோதிரம் எந்தக் கை என்று அதில் குழம்ப வேண்டாம்.

ஸ்கேன் செய்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது 600 டிபிஐ, சிறிய படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளையானாலும் வண்ண முறையில், டிஃப் (TIFF) என்ற தரம் குறையாத கோப்பாக, நான்கு ஓரமும் தெரிய, பின்பக்கமும் சேர்த்து. பின்பக்க எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். பென்சில் அழுத்திய தடமும் மையில்லாத முத்திரையும் எழுந்து தெரியும். ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போனதை உரிக்கவே உரிக்காதீர்கள், பட அடுக்கு கண்ணாடியோடு போய்விடும்; அந்தக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி, எச்சில், டேப் எதுவும் கூடாது. பால்பாயிண்ட் பேனாவால் பின்னால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் புடைக்கும். மென்மையான பென்சில், லேசான கை, ஓரத்தில் மட்டும். பிளாஸ்டிக் தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதுங்கள்.

ஆட்களுக்கு வருவோம். படத்திலேயே சிறிய குழந்தையிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர்களின் வயதைக் கண்ணால் சொன்னால் பத்து வருடம்கூடத் தவறும், கைக்குழந்தைக்கு ஒரு வருடம்தான் தவறும். அந்தக் குழந்தையின் பிறந்த ஆண்டு தெரிந்தால் படத்தின் ஆண்டு கிடைத்துவிடும். இருக்க வேண்டியவர்களில் யார் படத்தில் இல்லை என்பதும் முக்கியம்; அவர் பிறப்பதற்கு முன்போ இறந்த பிறகோ எடுத்ததாக இருக்கலாம்.

முதியவர்களிடம் காட்டும்போது பெரிதாக்கிய பிரதியைக் கொடுங்கள், ஒருவரிடம் ஒரு நேரம். 'இது பெரியப்பாதானே?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் வரும், அது பதிலே அல்ல. 'இதில் யாரெல்லாம் தெரிகிறார்கள்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, பார்ப்பவரின் இடமிருந்து வலமாக முழுப்பெயர் எழுதுங்கள். 'அத்தை' என்று மட்டும் எழுதினால் யாருக்கு அத்தை என்று இருபது வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. சொன்னவர் யார், எந்தத் தேதி என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இருவர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தெரியாத எண்ணுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் போடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.